ஆயிரம் ஆண்டுக் கணக்கு
புதுவை வரலாற்றுத் தொடர் – 14

1761 ஜனவரி 16ஆம் தேதி லாலி கோட்டையை ஒப்படைத்ததையும், அதன்பின் ஆங்கிலேயர் இந்த ஊரைக் கல்லின்மேல் கல் இராதபடி இடித்ததையும் சென்ற பகுதியில் பார்த்தோம். அன்று கைப்பற்றிய பொருள்களில் ஒன்றை மட்டும் இந்த வாரத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். அது கவர்னர் மாளிகையில் இருந்த அச்சு இயந்திரம். ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் அதைச் சென்னைக்கு எடுத்துப் போனார். வேப்பேரியில் தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் மூழ்கியிருந்த ஜெர்மன் லுத்தரன் மிஷனரி பப்ரீசியஸிடம் அது போய்ச் சேர்ந்தது. கம்பெனிக்குத் தேவையானதையும் அச்சிட்டுத் தரவேண்டும் என்பது நிபந்தனை. வேப்பேரியில் அவர் ஊழியம் செய்த ஆலயமும் அப்படி வந்ததுதான். கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் கத்தோலிக்கருக்குக் கட்டிக் கொடுத்த கோயில் அது. கத்தோலிக்கச் சாமியார்கள் பிரெஞ்சுக்காரருக்கு உளவு சொல்கிறார்கள் என்ற சந்தேகத்தில் ஆங்கிலேயர் அதைப் பறித்து, 1752இல் லுத்தரன் மிஷனரிகளிடம் கொடுத்துவிட்டார்கள்.

பப்ரீசியஸின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1772இல் வேப்பேரியில் அச்சாகி வந்தது. அதன் கடைசிப் புத்தகம் வெளிப்படுத்தின விசேஷம். பத்மு தீவில் யோவான் கண்ட தரிசனங்கள், ஏழு முத்திரைகள், ஏழு எக்காளங்கள், கடலிலிருந்து எழும் மிருகம், 666 என்ற எண், வானத்திலிருந்து இறங்கும் புதிய எருசலேம் எல்லாம் அதில்தான் உள்ளன. சீகன்பால்க் தரங்கம்பாடியில் 1715இல் முடித்த புதிய ஏற்பாட்டிலும் அது தமிழில் வந்திருந்தது. புதுவையிலிருந்து போன இயந்திரம் அதே புத்தகத்தை இன்னும் பலர் கைக்குக் கொண்டுசேர்த்தது. அடுத்த நூற்றைம்பது ஆண்டுகள் தமிழ்க் கிறிஸ்தவர்களை அதிகம் பிரித்த புத்தகமும் அதுதான்.

சண்டை முக்கியமாக ஒரு அதிகாரத்தைப் பற்றியது. 20ஆம் அதிகாரத்தில் ஒரு தேவதூதன் வலுசர்ப்பத்தைப் பிடித்து ஆயிரம் வருஷம் கட்டிவைக்கிறான். சாட்சிக்காகச் செத்தவர்கள் உயிர்பெற்றுக் கிறிஸ்துவோடு ஆயிரம் வருஷம் அரசாளுகிறார்கள். பிறகு சர்ப்பம் சிறிது காலம் அவிழ்க்கப்பட்டு, கடைசிப் போர் நடந்து, எல்லாரும் வெள்ளைச் சிங்காசனத்தின் முன் நிற்கிறார்கள். கிறிஸ்து திரும்பி வருவது இந்த ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலா, பின்னாலா? இல்லை, அந்த ஆயிரம் வருஷம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறதா? வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது நூலளவு வேறுபாடாகத் தெரியலாம். பள்ளி கட்டுவதா வேண்டாமா, சம்பளம் வாங்குவதா வேண்டாமா, தமிழனைக் குருவாக்குவதா வேண்டாமா என்ற கேள்விகளெல்லாம் இந்த ஒரு கேள்வியில் தொங்கியிருந்தன. அதனால்தான் இதற்கு ஒரு முழுப் பகுதியை ஒதுக்குகிறேன்.

முதலில் புதுவையின் சொந்த நிலைப்பாடு. சம்பா கோயிலில் ஞானோபதேசம் படித்த பிள்ளைகளுக்குத் தனித்தீர்வை, பொதுத்தீர்வை, மோட்சம், நரகம், உத்தரிக்கிற ஸ்தலம் எல்லாம் மனப்பாடம். ஆனால் தேதி எதுவும் அந்தப் பாடத்தில் கிடையாது. ஐந்தாம் நூற்றாண்டில் புனித அகுஸ்தீன் ‘கடவுளின் நகரம்’ நூலில் காட்டிய வழி அது. ஆயிரம் ஆண்டு என்பது திருச்சபை நடக்கும் இந்தக் காலம்தான், எண்ணிக்கை வெறும் அடையாளம், சர்ப்பத்தைக் கட்டியது கிறிஸ்துவின் முதல் வருகை. ஆகவே விசுவாசி செய்யவேண்டியது நாளைக் கணக்கிடுவதல்ல. தேவதிரவிய அனுமானங்களைப் பெற்று நல்ல மரணத்துக்குத் தயாராவதுதான் அவன் வேலை. உலகத்தின் முடிவைவிடத் தன் முடிவு அவனுக்கு அருகில் இருக்கிறது.

தரங்கம்பாடிக்காரர்களின் மரபு வேறு. லுத்தரன் சபையின் அடிப்படை ஆவணங்களில் ஒன்றான 1537ஆம் ஆண்டு ஷ்மால்கால்டன் கூற்றுகள் போப்பாண்டவரையே அந்திக்கிறிஸ்து என்று சொல்லிவிட்டன. இதை எதிர்கொள்ளச் சேசு சபையிலிருந்து இரண்டு பதில்கள் வந்தன. ஸ்பெயினின் ரிபேரா, அந்திக்கிறிஸ்து இனிமேல்தான் வருவான், கடைசி மூன்றரை ஆண்டு மட்டும் ஆள்வான் என்றார். அல்காசார், அந்தத் தரிசனங்களில் பெரும்பகுதி பழைய ரோமாபுரிக் காலத்திலேயே நிறைவேறி முடிந்துவிட்டது என்றார். எல்லாவற்றையும் எதிர்காலத்துக்கு ஒத்திப்போடும் முதல் வாசிப்பு பின்னாளில் புராட்டஸ்டண்டு சபைகளிலேயே ஆழமாக வேரூன்றிவிட்டது. அதற்குப் பிறகு வருகிறேன். தமிழ் மண்ணில் இந்தத் தர்க்கத்தின் கூர்முனையாக நின்றவர் வீரமாமுனிவர். அவருடைய ‘வேத விளக்கம்’, ‘லுத்தேரினத்தியல்பு’ இரண்டும் தரங்கம்பாடியைக் குறிவைத்து எழுதியவை.

தரங்கம்பாடி மிஷனரிகளை வெறும் போப் எதிர்ப்பாளர்களாகப் பார்ப்பது நியாயமாகாது. அவர்களை வளர்த்தது ஹாலே நகரத்துப் பக்தி இயக்கம். அதன் மூலவரான ஸ்பேனர் 1675இலேயே, முடிவுக்கு முன் திருச்சபைக்கு ஒரு நல்ல காலம் வரவிருக்கிறது என்று நம்பி எழுதினார். இங்கிலாந்தில் விட்பியும் அமெரிக்காவில் ஜொனத்தான் எட்வர்ட்ஸும் அதை விரித்தார்கள். சுவிசேஷம் எல்லா நாட்டிலும் பரவி, அறியாமை நீங்கி, ஆயிரம் ஆண்டு நன்மை பூமியில் மலரும், அதன் பிறகே கிறிஸ்து வருவார் என்பது அவர்களுடைய எதிர்பார்ப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், அகராதி என்று புராட்டஸ்டண்டு மிஷன்கள் காட்டிய வேகத்தில் இந்த நம்பிக்கைக்குப் பெரும் பங்கு உண்டு. உலகம் திருந்தும் என்று நம்புகிறவனே அதைத் திருத்த உட்காருகிறான்.

அந்த நம்பிக்கையின்மேல் முதல் பெரிய அடி புதுவை மிஷனிலிருந்துதான் விழுந்தது. 1773இல் ரோம் சேசு சபையைக் கலைத்ததும், 1776இல் இங்கே பொறுப்பேற்றது பாரிஸ் வேதபோதகச் சபை. அதில் சேர்ந்து 1792இல் புறப்பட்டு வந்த இளம் குரு அபே துபுவா. அதே 1792இல் இங்கிலாந்தில் வில்லியம் கேரி, எல்லா நாடுகளுக்கும் சுவிசேஷம் போயாக வேண்டும் என்று வாதிடும் தம் சிறுநூலை வெளியிட்டார் என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம். துபுவா முப்பது ஆண்டு தெற்கே சுற்றினார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு மைசூர்ச் சீமையில் ஊழியம் செய்தார். நம் ஊர்க்காரரைப்போலவே உடுத்தி, நம் ஊர்க்காரரைப்போலவே சாப்பிட்டு வாழ்ந்தார். 1823இல் பிரான்சுக்குத் திரும்பியவர், அதே ஆண்டில் லண்டனில் இந்தியக் கிறிஸ்தவத்தின் நிலை பற்றிய கடிதங்களை வெளியிட்டார்.

இந்துக்களை மனித முயற்சியால் கிறிஸ்தவராக்க முடியாது, வேதாகம மொழிபெயர்ப்புகளை அள்ளி வீசுவதால் பயனில்லை என்பது அந்தக் கடிதங்களின் சாரம். பலரும் இதை ஒரு களைத்த மனிதரின் மனக்கசப்பாகவே படித்தார்கள். நான் அதில் வேறொன்றையும் பார்க்கிறேன். மத்தேயு 24ஆம் அதிகாரத்தில் முடிவுக்கு முன் சுவிசேஷம் சகல ஜாதிகளுக்கும் அறிவிக்கப்படும் என்ற வாக்கு இருக்கிறது. ஆயிரம் ஆண்டு நன்மையை எதிர்பார்த்தவர்கள் அதைச் சகல ஜாதிகளும் ஏற்றுக்கொள்வார்கள் என்று படித்தார்கள். துபுவாவோ, அறிவிக்கப்படும் என்பதுதான் வாக்கு, எல்லாரும் நம்புவார்கள் என்ற வாக்கு எங்கே என்று கேட்டார். இரண்டு நூறு, மூன்று நூறு பேரை மட்டுமே தம்மால் மனந்திருப்ப முடிந்தது என்று ஒளிவில்லாமல் எழுதிய ஒருவர் கேட்ட கேள்வி அது. திருநெல்வேலியில் இராணுவச் சாப்ளினாக இருந்த ஜேம்ஸ் ஹஃப் 1824இலேயே மறுப்பு நூல் எழுதிவிட்டார். அந்த ஹஃப்தான் பாளையங்கோட்டைக்குச் சர்ச் மிஷனரி சங்கத்தை வரவழைத்தவர். அதன்வழி 1820இல் அங்கே வந்தவர் ரேனியஸ். இந்தப் பெயர் மறுபடி வரும்.

இதற்கிடையில் ஐரோப்பாவில் காற்று மாறியிருந்தது. 1798இல் பிரெஞ்சுப் படை ரோமாபுரியில் நுழைந்து போப் ஆறாம் பத்திநாதரைச் சிறைபிடித்தது. மிருகத்தின் 1260 நாள் என்பது 1260 ஆண்டு, அது முடிந்துவிட்டது என்று ஆங்கில வியாக்கியானக்காரர்கள் பரபரத்தார்கள். தானியேலில் வரும் 2300 நாளையும் ஆண்டுகளாக மாற்றிக் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். சிலி நாட்டுச் சேசு சபைக் குரு லக்குன்சா, ஒரு யூதரின் புனைபெயரில் எழுதிய நூலை 1827இல் எட்வர்ட் இர்விங் லண்டனில் ஆங்கிலத்தில் வெளியிட்டார். கிறிஸ்து ஆயிரம் ஆண்டுக்கு முன்பே மகிமையோடு வருவார் என்ற நூல் அது. ரோம் அதை 1824இல் தடைப் பட்டியலில் சேர்த்திருந்தது. கத்தோலிக்கக் குரு ஒருவர் எழுதி, அவர் திருச்சபை தள்ளிய புத்தகத்தைப் புராட்டஸ்டண்டுகள் கையிலெடுத்துக்கொண்டார்கள்.

இர்விங்கின் நண்பர் வட்டத்தில் ஒருவர் ஜோசப் வுல்ஃப். பவேரியாவில் ஒரு யூத ரபியின் மகன். கத்தோலிக்கராகி, ரோமில் படித்து, அங்கிருந்து வெளியேற்றப்பட்டு, ஆங்கிலிக்கரானவர். 1832இல் புகாராவிலிருந்து இந்துகுஷ் மலை வழியாக வரும்போது கொள்ளையர் உடுதுணியைக்கூட விட்டுவைக்கவில்லை. அப்படியே நடந்து காபூல் சேர்ந்தார். 1833இல் கல்கத்தாவிலிருந்து தெற்கே இறங்கினார். நடுவில் வாந்திபேதி கண்டு பிழைத்து, டூலியில் சென்னைக்கு வந்து, அங்கிருந்து புதுச்சேரி, பிறகு திருநெல்வேலி, கோவா என்று போனார். இந்தப் பயணம் முழுவதும் அவர் உள்ளத்தில் எரிந்த செய்தி ஒன்று: கிறிஸ்து 1847இல் எருசலேமுக்கு வருகிறார்.

அந்த எண் எப்படி வந்தது என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். கி.மு. 453ஐத் தொடக்கமாக எடுத்துக்கொண்டார். 2300இலிருந்து 453ஐக் கழித்தால் 1847. கழித்தல் சரி. ஆனால் கி.மு. 1க்கும் கி.பி. 1க்கும் நடுவில் பூஜ்ய ஆண்டு என்று ஒன்று இல்லை. அதைச் சேர்த்துப் பார்த்தால் அவருடைய தொடக்கத்துக்கே விடை 1848தான் வரும். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் கி.மு. 457இலிருந்து இதே 2300ஐ எண்ணி 1843 என்றார். அந்த ஆண்டு கடந்தபோது அவருடைய வட்டத்தார் இந்தப் பூஜ்யத்தைக் கண்டுகொண்டு 1844க்கு நகர்ந்தார்கள். இவர்கள் யாரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். எபிரேயமும் கிரேக்கமும் படித்து, வேதத்தை உயிராக நேசித்தவர்கள். வுல்ஃப் பின்னாளில், தேதி குறித்தது தவறு என்று தாமே வெளிப்படையாக எழுதினார். அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

இங்கே புதுவைக்காரர் ஒருவரின் கணக்கை நினைக்காமல் இருக்க முடியவில்லை. வுல்ஃப் வருவதற்கு எட்டு ஆண்டு முன்னால், 1825 மே 31 இரவு சந்திர கிரகணம். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக்கொண்டு அதை முன்கூட்டியே கணித்தார். அதைப் பார்த்து எழுதிவைத்தவர் ‘கால சங்கலிதம்’ என்ற நூலை அதே ஆண்டில் வெளியிட்ட வாரன். கிரகணம் தொடங்கும் நேரத்தில் நான்கு நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிசகியது. கோட்பாடு அவருக்குத் தெரியாது, ஆனால் பிசகு எவ்வளவு என்று அந்த இரவே வானம் சொல்லிவிட்டது. தீர்க்கதரிசனக் கணக்கிலோ பிசகைக் காண ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும். அதற்குள் ஆயிரக்கணக்கானோர் நிலத்தை விற்றிருப்பார்கள், பிள்ளைகளின் படிப்பை நிறுத்தியிருப்பார்கள். சூரியன் கறுக்கும், சந்திரன் இரத்தமாகும் என்று யோவான் எழுதியதைக் கிரகண அட்டவணையோடு பொருத்திப் பார்க்கும் பழக்கம் இன்றும் இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

1844க்கு வருவோம். அந்த ஆண்டு அக்டோபர் 22ஆம் தேதி அமெரிக்காவின் வடகிழக்கில் மில்லரைப் பின்பற்றிய பல்லாயிரம் பேர் வானத்தைப் பார்த்தபடி இரவைக் கழித்தார்கள். பலர் அறுவடையைக் கூடச் செய்யாமல் விட்டிருந்தார்கள். விடிந்தது. அழுதார்கள். அந்தச் சிதறலிலிருந்து திரண்ட ஒரு பகுதியே 1863இல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபையாயிற்று.

அதே 1844இன் தொடக்கத்தில் புதுச்சேரியில் என்ன நடந்தது? பொன்னான் ஆண்டகை சினாடு கூட்டினார். ஜனவரியில் ஆரம்பித்துப் பிப்ரவரிவரை நடந்தது. முக்கியமான விவாதம், தமிழ்க் குருக்களை எப்படி உருவாக்குவது என்பது. அதுவரை நாட்டுக் குருமார் ஐரோப்பியருக்குக் கைத்துணையாக மட்டுமே கருதப்பட்டார்கள். இனி அவர்களே மேய்ப்பர்களாக வேண்டும், அதற்குச் சிறுவயதிலிருந்தே நல்ல கல்வி வேண்டும் என்று அந்தக் கூட்டம் முடிவெடுத்தது. ஊரறிந்த பெத்தி செமினேர் பள்ளி தன் தொடக்கமாகச் சொல்வது அந்த ஆண்டைத்தான். சினாட்டில் இருந்த லுக்கே என்ற இளம் குரு அதன் தீர்மானங்களோடு ரோமுக்குப் போய் வாதாடினார். நாட்டுக் குருமாரை வளர்த்து ஆயர்களாகவும் ஆக்க வேண்டும் என்று 1845 நவம்பரில் ரோம் எல்லா மிஷன்களுக்கும் அனுப்பிய அறிவுரையில் புதுவையின் குரல் இருக்கிறது. அமெரிக்காவில் வானத்தைப் பார்த்துக் காத்திருந்த அதே அக்டோபரில், இங்கே துப்புய் சாமியார் பெண்பிள்ளைகளுக்குக் கல்வி தருவதற்காகத் தமிழ்க் கன்னியர் சபை ஒன்றைத் தொடங்கினார். மரியன்னையின் மாசற்ற இருதயப் பிரான்சிஸ்கன் சபை அது. மிஷன் அச்சுக்கூடத்தை நிலைநிறுத்தியவரும் அவர்தான். 1761இல் இயந்திரத்தைப் பறிகொடுத்த ஊர், 1850களின் தொடக்கத்தில் ‘தேம்பாவணி’யை மூன்று பாகங்களாக அச்சிட்டுக் கொடுத்தது.

ஒரு தலைமுறை வளர்ந்து குருவாவதற்கு இருபது ஆண்டு ஆகும். அதற்குத் திட்டமிடுகிறவர்கள், உலகம் நாளைக்கு முடியப்போவதில்லை என்று வைத்துக்கொண்டுதான் திட்டமிட முடியும். அகுஸ்தீனின் வாசிப்பு இந்த ஊருக்குக் கொடுத்த கொடை அது. கடைசி நாள் பற்றிய வாசிப்புகளை அவை சொன்ன தேதி பலித்ததா இல்லையா என்று பார்த்து எடைபோடுவது சுலபம். அவை தங்களை நம்பினவர்களை என்ன செய்யவைத்தன என்று பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அப்படிப் பார்க்கும்போது புதுவைக்கும் சங்கடமான பக்கம் உண்டு. பொறுமையாகக் காத்திருக்கும் திருச்சபை, அநீதியையும் பொறுமையாகச் சுமந்துகொண்டே போய்விடும். சம்பா கோயிலுக்குள் சாதிக் கிறிஸ்தவரையும் பறையர் கிறிஸ்தவரையும் ஒரு சுவர் பிரித்து வைத்திருந்தது. ஒடுக்கப்பட்டவர்கள் எதிர்த்துக் கேட்டதால் 1745இல் அது இடிபட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். சுவர் போனாலும் பிரிவினை போகவில்லை. நூறு ஆண்டு கழித்துக் கூடிய சினாடும் அதை வேரோடு பிடுங்கவில்லை. எல்லா ஜாதியிலும் கோத்திரத்திலுமிருந்து வந்த எண்ண முடியாத திரள்கூட்டம் ஒரே சிங்காசனத்தின் முன் நிற்பதாக யோவான் கண்ட தரிசனத்தை அந்தக் கோயிலின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு, ஆயிரம் ஆண்டு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது என்ற விளக்கம் எப்படி ஒலித்திருக்கும்? இதுதானா அந்த அரசாட்சி என்று அவர்கள் கேட்டிருந்தால் அதில் என்ன தப்பு?

‘சீக்கிரம் வருகிறார்’ என்ற வாசிப்பு எதைச் சாதித்தது என்று பார்க்கத் தெற்கே போகவேண்டும். வுல்ஃப் வந்த அதே 1833இல் இந்தியாவுக்கு வந்தவர் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ். எக்ஸிட்டர் நகரத்துப் பல் வைத்தியர். ஆண்டவர் சீக்கிரம் வருகிறார், சேர்த்து வைக்க என்ன இருக்கிறது என்று இருந்ததை எல்லாம் விட்டுவிட்டு பாக்தாத் போனவர். அங்கே கொள்ளைநோயில் மனைவியை இழந்தார். அவரும் டார்பியும் பிரதரன் இயக்கத்தின் முன்னோடிகள். திருச்சபை உபத்திரவ காலத்துக்கு முன்பே இரகசியமாக எடுத்துக்கொள்ளப்படும் என்ற போதனையை ஒழுங்குபடுத்திப் பரப்பியவர் டார்பி. குரோவ்ஸ் பாளையங்கோட்டையில் ரேனியஸைச் சந்தித்தார். ரேனியஸிடம் பயின்ற ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் குரோவ்ஸோடு சேர்ந்தார். பின்னர் அருளப்பன் வத்திராயிருப்புப் பக்கத்தில் கிறிஸ்டியான்பேட்டையை உண்டாக்கி, மிஷன் சம்பளம் இல்லாமல், தமிழ் உபதேசிகளைக்கொண்டே ஊழியம் நடத்தினார்.

1860இல் அங்கே எழுப்புதல் வெடித்தது. ஜனங்கள் சபை நடுவில் பாவத்தை அறிக்கையிட்டு அழுதார்கள். பெண்கள் தீர்க்கதரிசனம் சொன்னார்கள், அந்நிய பாஷை பேசினார்கள். அமெரிக்காவின் அசூசா தெருவில் பெந்தெகொஸ்தே இயக்கம் பிறந்ததாகச் சொல்லும் 1906க்கு நாற்பத்தாறு ஆண்டு முந்தைய நிகழ்வு இது. வெள்ளைக்காரத் துரை உத்தரவுக்கும் பணத்துக்கும் காத்திராமல் தமிழர்கள் தாங்களே நடத்திய சபை அது. சினாடு இருபது ஆண்டு பள்ளிப்படிப்பின் மூலம் எட்ட நினைத்த இடத்தை, நேரம் இல்லை என்ற அவசரம் ஒரே பாய்ச்சலில் எட்டியது. இரண்டையும் நான் மதிக்கிறேன்.

அவசரத்தின் விலையும் சீக்கிரமே தெரிந்தது. எழுப்புதல் 1870களில் திருவிதாங்கூருக்குப் பரவியது. அங்கே ஜஸ்டஸ் ஜோசப் என்ற குரு இருந்தார். தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் ராமய்யனாகப் பிறந்து, 1861இல் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்றவர். நல்ல கவிஞர், அவர் பாடல்களை மலையாள ஆலயங்களில் இன்றும் பாடுகிறார்கள். 1875இல் அவருடைய கூட்டத்தார் இன்னும் ஆறே ஆண்டில், 1881இல் கிறிஸ்து வருகிறார் என்று அறிவித்தார்கள். ஆண்டு வந்தது, போனது. ஏமாற்றத்தில் பலர் பழைய சபைக்குத் திரும்பினார்கள். மிச்சமிருந்த சிறு கூட்டத்தோடு அவர் 1887இல் மறைந்தார். கூட்டம் கலைந்ததைவிட, தமிழரும் மலையாளிகளும் சொந்தக் காலில் கட்டிய ஒரு சபையின்மேல் மற்றவர்களுக்கு இருந்த நம்பிக்கை அந்தத் தேதியோடு சேர்ந்து சரிந்தது எனக்கு அதிக வருத்தம் தருகிறது.

இருபதாம் நூற்றாண்டை விரைவாகக் கடக்கலாம். 1909இல் வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் அடிக்குறிப்புகள் டார்பியின் போதனையை உலகெங்கும் கொண்டுபோயின. 1920களில் பாஸ்டர் பால் கொழும்பில் தொடங்கிய இலங்கை பெந்தெகொஸ்தே மிஷன் தமிழ்நாட்டில் பரவியது. வெள்ளை உடை உடுத்தி, திருமணம் செய்யாமல், வருகைக்கு ஆயத்தமாவதையே வாழ்வாக்கிக்கொண்ட ஊழியர்கள் அதில் உண்டு. தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரில் அவர்கள் நடத்தும் கன்வென்ஷனுக்குப் போகாத பெந்தெகொஸ்தே குடும்பம் வடதமிழ்நாட்டில் குறைவு. 1944இல் ரோம், கிறிஸ்து நியாயத்தீர்ப்புக்கு முன் கண்காண வந்து இவ்வுலகில் அரசாள்வார் என்பதை மிதமான வடிவத்தில்கூடப் போதிப்பது பாதுகாப்பானதல்ல என்று தீர்ப்பளித்தது. கேள்வி போனது சிலியிலிருந்து, லக்குன்சா பிறந்த நாட்டிலிருந்து. 1954 நவம்பர் 1இல் பிரெஞ்சு நிர்வாகம் முடிந்து புதுவை இந்தியாவோடு இணைந்தபோது, ஊர்க் கிறிஸ்தவர்களில் கத்தோலிக்கர்தான் அசையாத பெரும்பான்மை. சுற்றியிருந்த தென்னாற்காடு மாவட்டத்தில் வேறு சபைகள் காலூன்றியிருந்தன.

இன்று இந்த வாசிப்புகள் ஒரே வீட்டுக்குள் இருக்கின்றன. நவம்பர் 2, கல்லறைத் திருநாள். உப்பளம் கல்லறையில் சாயங்காலம் கால் வைக்க இடமிருக்காது. கழுவிச் சுண்ணாம்பு அடித்த கல்லறைகளில் சாமந்தி மாலை, மெழுகுவர்த்தி, ஊதுவத்தி. சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வரிசையாக வருவார். அம்மா, அப்பாவின் கல்லறையில் பூவைத்து உத்தரிக்கிற ஆத்துமாவுக்காகப் பூசைக்குக் கொடுப்பார். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் மகன் வாசலிலேயே நிற்பான். அவனுக்குக் கற்பித்திருக்கும் வரிசை வேறு. முதலில் இரகசிய வருகை, பிறகு ஏழு வருஷ உபத்திரவ காலம், அந்திக்கிறிஸ்துவின் ஆட்சி, பகிரங்க வருகை, ஆயிர வருஷ அரசாட்சி, கடைசியாக வெள்ளைச் சிங்காசன நியாயத்தீர்ப்பு. அதில் உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு இடமில்லை. “அப்பா கர்த்தருக்குள்ள தூங்கறாரும்மா, பூசை எதுக்கு?” என்பான். “தூங்கட்டும்டா, நான் ஒரு வத்தி ஏத்தினா எழுந்துருவாரா?” என்று அம்மா கேட்பார். இவர்கள் இருவரையும் கொச்சையாக ஒரே தட்டில் வைத்து மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர்கள், இருவரும் ஒரே மனிதருக்காகத்தான் கவலைப்படுகிறார்கள் என்பதைக் கவனிப்பதில்லை.

ஆனால் பயத்தை விற்பவர்களை நான் இந்த மகனோடு சேர்க்கமாட்டேன். ஆதார் அட்டை வந்தபோதும் கொரோனாத் தடுப்பூசி வந்தபோதும் இதுதான் மிருகத்தின் முத்திரை என்று பரப்பினார்கள். ஊசி போட்டுக்கொள்ளத் தயங்கிய முதியவர்கள் உண்டு. யோவான் அந்தப் புத்தகத்தை எழுதியது சின்ன ஆசியாவில் உபத்திரவப்பட்ட ஏழு சிறிய சபைகளுக்கு. அவர்களைத் தைரியப்படுத்த எழுதியதை இந்த ஊர்ப் பாட்டிமாரைப் பயமுறுத்தப் பயன்படுத்துவது எந்த வாசிப்பின்படியும் தப்பு. அதைச் சொல்ல ஆயர்களும் பாஸ்டர்களும் இன்னும் உரக்கப் பேசவேண்டும்.

1745இல் இடிபட்ட சுவரைப் பற்றி இரண்டே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டேன். யார் கேட்டார்கள், யாரிடம் போய்க் கேட்டார்கள், சாதிக் கிறிஸ்தவர்கள் அதற்கு என்ன செய்தார்கள் என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.